பெட்டிக்கு ஒன்பது நிமிஷ மௌனம்

கொஞ்சம் அந்தப் பக்கமாகக் காலை வையுங்க தம்பி. பையில் பச்சைப்பயறு இருக்கிறது, மிதிபடக் கூடாது. சமையலுக்கு இல்லை. கம்ப்யூட்டருக்கு.

சிரிக்கிறீங்க. சிரிங்க, சிரிங்க. எல்லாரும் முதலில் சிரிக்கத்தான் செய்கிறாங்க. சங்ககிரி தாண்டுவதற்குள் உங்கள் சிரிப்பு நிற்காவிட்டால் நான் திருச்செங்கோட்டு அர்த்தநாரி இல்லை.

பேர் கேள்விப்படவில்லையா? வெளியூரா இருப்பீங்க. எங்கள் ஊரில் ரத வீதி முனையில் நின்று கண்ணை மூடிக்கொண்டு கேட்டாலும் கை காட்டுவார்கள். கம்ப்யூட்டர் ஜோதிடம் நம்ம தொழில், வீட்டு முன்னறைதான் கடை. ஊரிலேயே ஜோதிடத்துக்கென்று முதலில் கம்ப்யூட்டர் வாங்கி வைத்தவன் நான்தான். அப்போது ஜாதகம் பார்க்க வந்த கூட்டம் பாதி, திரையில் கட்டம் தானாக விழுவதை வேடிக்கை பார்க்க வந்த கூட்டம் பாதி.

நான் ஆறாம் கிளாஸ் தம்பி. மறைக்க என்ன இருக்கிறது. பஞ்சாங்கம் பார்ப்பேன், பலன் சொல்வேன், எதிரே உட்கார்ந்திருக்கிறவர் முகத்தைப் பார்த்து எதைச் சொல்ல வேண்டும், எதை விழுங்க வேண்டும் என்று தெரியும். கணக்கு மட்டும் வராது. திசை, புத்தி, பாதம் எல்லாக் கணக்கையும் பெட்டி போட்டுவிடும். அந்தப் புரோகிராம் என் குருநாதரின் மகன் எழுதியது. குருநாதர் கையால் கணித்த அதே முறை அப்படியே உள்ளே இருக்கும். தன் அப்பாவிடம் பாடம் கேட்ட பத்துப் பன்னிரண்டு பேருக்கு மட்டும் கொடுத்தார். அவரும் போய்ச் சேர்ந்துவிட்டார். இனி கடையில் தேடினாலும் கிடைக்காது, கோயிலில் வேண்டினாலும் கிடைக்காது.

இருபத்திரண்டு வருஷமாக எங்கள் ஊரில் பிறந்த பிள்ளை எல்லாம் அந்தப் பெட்டிக்குள்தான் இருந்தது.

போன மார்கழி கடைசியில், ஒரு மத்தியானம், மிளகாய் வறுத்த மாதிரி ஒரு நெடி. பெட்டி ஒரு தடவை முனகியது. அவ்வளவுதான், போய்விட்டது.

நேரம் பாருங்க. தை பிறந்தால் கல்யாணக் காலம். பொருத்தம் பார்க்கிறவர்கள் செருப்பு என் வாசலில் குவியும். மற்ற பதினோரு மாசமும் நான் ஈ ஓட்டுவது அந்த ஒரு மாசத்தை நம்பித்தான். எதிரே திவாகர் என்று ஒருத்தன் கடை போட்டிருக்கிறான். முப்பது வயசு ஆகவில்லை. ஏசி, கண்ணாடிக் கதவு, செல்போனிலேயே ஜாதகம். கண்ணாடிக் கதவில் ஒரு சௌகரியம், உள்ளே யார் உட்கார்ந்திருக்கிறார்கள் என்று எனக்கு இங்கிருந்தே தெரியும். அதுதான் கஷ்டமும்.

எங்கள் வீட்டிலோ கம்ப்யூட்டர் தெரிந்த ஆள் ஒருத்தர் கிடையாது. சம்சாரம் போய் ஐந்து வருஷம் ஆகிறது. மகன் ரிக் வண்டியில் போர் போட மத்தியப் பிரதேசம் போயிருக்கிறான். வீட்டில் நானும் மருமகள் மைதிலியும்தான். அவள் பி.இ. கம்ப்யூட்டர் படித்த பெண். அதை விடுங்க, கம்ப்யூட்டர் தெரிந்த ஆள் வேண்டுமே! ஈரோட்டிலிருந்து முஜீப் என்று ஒரு மெக்கானிக்கை வரவழைத்தேன்.

முஜீப் நல்ல பையன், பொறுமைசாலி. செத்த பெட்டியின் வயிற்றைத் திறந்து பார்த்துவிட்டு, "ஐயா, உடம்புதான் போயிருக்கு. ஞாபகம் எல்லாம் அப்படியே பத்திரமா இருக்கு"ன்னான். எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. ஆனால் அந்தப் பழைய புரோகிராம் இன்றைக்கு வரும் புதுப் பெட்டியில் ஓடாதாம். காலம் மாறிவிட்டதாம்.

"அப்போ?"

"ஒரு வழி இருக்குங்கய்யா. புதுப் பெட்டிக்குள்ளேயே உங்க பழைய பெட்டியை அப்படியே குடி வச்சிடறேன். உள்ளே இருக்கறவனுக்கு வெளியே இன்னொரு பெட்டி இருக்கறதே தெரியாது. தான்தான் எல்லாம்னு நினைச்சுக்கிட்டு வேலை செஞ்சுட்டு இருப்பான்."

"அப்படி ஒரு ஆளா!" என்று சிரித்தேன். டீ கொண்டுவந்த மைதிலிக்கு ஏனோ புரையேறியது. 

தை மூன்றாம் தேதி, காலை ஏழே முக்கால், சுபஹோரை. சாம்பிராணி போட்டு, தேங்காய் உடைத்து, புதுப் பெட்டியின் பொத்தானை நானே என் கையால் அமுக்கினேன். முஜீப் சொல்கிறான், "ஐயா, நேத்தே கடையில போட்டுப் பார்த்துட்டுத்தான் கொண்டாந்தேன்."

"அது கர்ப்பத்துல அசையறதுப்பா. பிறப்பு இங்கேதான்"ன்னேன்.

பிறந்த நேரத்துக்கு ஜாதகமும் எழுதிவிட்டேன். மகர லக்னம். பிறகு பிள்ளையாருக்கு முன்னால் சத்தமாகவே சொன்னேன்: நல்ல நேரத்தில் கண் திறந்த பெட்டி இது, ஒரு மண்டலம், நாற்பத்தெட்டு நாள், அணைக்கவே மாட்டேன். வீட்டுக்குப் புது விளக்கு ஏற்றினால் ஊதி அணைப்போமா? அதே மாதிரிதான்.

முஜீப் கம்ப்யூட்டர் எலியைப் பிடித்து இரண்டு தட்டு தட்டினான். உள்ளே இருக்கிற பழைய பெட்டியை எழுப்பினான். அது எழுந்திருக்கவில்லை. இங்கிலீஷில் நாலு வரி வந்தது. முஜீப் தலையைச் சொறிந்தான்.

கதவோரம் நின்ற மைதிலி அங்கிருந்தே படித்துவிட்டு, "வர்ச்சுவலைசேஷன் ஆஃப்ல இருக்குங்களாண்ணா?" என்றாள்.

"ஆமாக்கா."

"எந்தக் கீ? எஃப் டூவா, டெலீட்டா?"

நான் அதட்டினேன். "நல்ல நாளும் அதுவுமா அழிக்கற பேச்சு எதுக்கும்மா? போய் முஜீப்புக்கு இன்னொரு டம்ளர் டீ கொண்டா." போனாள். சொன்ன பேச்சைத் தட்ட மாட்டாள், அந்த மட்டும் நல்ல பெண்.

முஜீப்தான் எனக்கு விளங்குகிற மாதிரி சொன்னான். கம்ப்யூட்டருக்கு மூளை என்று ஒரு சில்லு இருக்கிறதாம், பிராசசர் என்று பேர். ஒரே சமயத்தில் இரண்டு பெட்டிக்கு மூளையாக இருக்கிற வித்தை அதற்குப் பிறவியிலேயே உண்டாம். செய்து அனுப்பும்போதே உள்ளே வைத்துவிடுகிறார்கள். ஆனால் அந்த வித்தைக்கு ஒரு சுவிட்ச். சில பெட்டியில் அதை மூடியே அனுப்பிவிடுகிறார்கள். யாராவது திறந்துவிட்டால்தான் வேலை செய்யும். திறக்காவிட்டால் அந்த வித்தை இருக்கிறது என்றே ஒருத்தருக்கும் தெரியாது, பெட்டி பாட்டுக்கு மற்ற எடுபிடி வேலையைச் செய்துகொண்டு கிடக்கும்.

"அட பாவமே"ன்னேன். "இவ்வளவு வித்தையை உள்ளே வச்சுக்கிட்டா சும்மா கிடக்கு! அப்போ திறந்து விடு."

"திறந்துடலாங்கய்யா. பெட்டியை அணைச்சுப் போடணும். அது கண்ணு முழிக்கற அந்த ரெண்டு செகண்டுல ஒரு கீயை விடாம தட்டினாத்தான் சுவிட்சுகிட்ட போக முடியும். மாத்திட்டு, முழுசா ஒருதரம் அணைச்சுப் போட்டா முடிஞ்சுது."

"அணைக்கறதா?"

"ஒரே ஒரு நிமிஷம்."

"நாப்பத்தெட்டு நாள்"ன்னேன்.

"ஐயா, மாசி ஆயிடுமே!"

"ஆகட்டும்."

முஜீப் மைதிலியைப் பார்த்தான். மைதிலி விட்டத்தைப் பார்த்தாள். பல்லி ஏதாவது இருக்கிறதோ என்று நானும் பார்த்தேன். ஒன்றும் இல்லை. முஜீப் பையை எடுத்துக்கொண்டு, "நாள் முடிஞ்சதும் கூப்பிடுங்கய்யா"ன்னுட்டு பஸ் ஏறிவிட்டான். இந்தக் காலத்துப் பையன்களுக்குப் பொறுமையே கிடையாது.

அவன் போன பிறகு பெட்டியின் ஜாதகத்தை எடுத்து வைத்துக்கொண்டு யோசித்தேன். பளிச்சென்று தெரிந்துவிட்டது. லக்னத்தில் சூரியன், கூடவே புதன். சூரியனுக்கு அவ்வளவு பக்கத்தில் போனால் புதனுக்கு அஸ்தங்கம். ஒளி இருக்கும், வெளியே தெரியாது. புதன் யார்? புத்திக்காரன். மிதுனத்துக்கு அதிபதி. மிதுனம் என்றால் இரட்டை. ஒரு பெட்டிக்குள் இரண்டு பெட்டி! முஜீப் சுவிட்ச் என்று எதைச் சொன்னான் என்று இப்போது தெரிகிறதா? அவனுக்கு சாஸ்திரம் தெரியாது, பாவம், சுவிட்ச் என்று சொல்லிவிட்டான்.

பரிகாரத்தைத் தொடங்கினேன். பெட்டியை வடக்கே பார்த்துத் திருப்பினேன். தலையில் பச்சைப்பயறு ஒன்பது பிடி. மேலே பச்சைத் துணி போர்த்தினேன். மைதிலி வந்து துணியை எடுத்தாள். "மூச்சு முட்டும் மாமா"ன்னாள். நான் போர்த்தினேன். அவள் எடுத்தாள். ஒரு பயறு ஓட்டை வழியாக உள்ளே விழுந்து, காற்றாடியில் மாட்டி, கடகடவென்று ஒரு சத்தம். புதன் பேசுகிறான் என்று நான் கைகூப்பினேன். அவள் சடை ஊசியால் அந்தப் பயறை நோண்டி எடுத்துவிட்டுப் போனாள்.

நான்காம் நாள் சரசக்கா வந்தாள். நெல்லு மில்லு சரசக்கா. நடந்து வந்தாலே தெருவுக்குத் தெரியும், அப்படி ஒரு குரல். அவள் எந்தக் கடைக்குப் போகிறாளோ அங்கேதான் ரத வீதிப் பொம்பளைகள் எல்லாம் போவார்கள்.

"ஏனுங்க சோசியரே, கவிநயா ஜாதகம் ஒண்ணு அடிச்சுக் குடுங்க. நீங்க குடுத்த தாளைக் கரையான் தின்னுடுச்சு. வியாழக்கெழமை மாப்ளை வீட்டுக்காரங்க வர்றாங்க."

"அக்கா, பெட்டிக்குக் கொஞ்சம்..."

"பெட்டிக்கு என்ன கேடு? இன்னும் கேளுங்க. எதுத்தாப்ல இருக்கறவன்கிட்ட சும்மா கேட்டுப் பார்த்தேன். பொண்ணு ஆயில்யம்ங்கறான்! நெஞ்சே நின்னு போச்சு எனக்கு. நீங்க பூசம்னுதானே சொன்னீங்க?"

தம்பி, உங்களுக்குச் சொல்லவேண்டியதில்லை. ஆயில்யத்தில் பிறந்த பெண் மாமியாருக்கு ஆகாது என்று ஒரு பேச்சு இருக்கிறது. நிஜமோ பொய்யோ, அந்தப் பேச்சில் எத்தனை வரன் வாசலோடு திரும்பியிருக்கிறது. அந்தக் கவிநயா பிறந்தது இரண்டு நட்சத்திரத்துக்கும் நடுவில், வரப்பு மேலே. செல்போன் கணக்கில் ஒரு கால் அந்தப் பக்கம் விழும், குருநாதர் கணக்கில் இந்தப் பக்கம். எங்கள் பெட்டி பூசம் நாலாம் பாதம் என்று அடித்துக் கொடுத்தது எனக்கு நன்றாக ஞாபகம் இருக்கிறது. ஞாபகம் இருந்து என்ன? கையில் தாள் வேண்டுமே! மாப்பிள்ளை வீடும் குருநாதர் கணக்கை மதிக்கிற வீடு. தாள் இருந்தால் ஒத்துக்கொள்வார்கள். வாய்ச்சொல்லுக்கு யார் பெண் எடுப்பார்கள்?

"புதன் சாயங்காலத்துக்குள்ள வேணும்"ன்னாள் சரசக்கா. "இல்லேன்னா அவன் குடுக்கற ஆயில்யத்தை வச்சுக்கிட்டு எம் பொண்ணு மூலையில உக்காரணும். அப்புறம் உங்க வாசப்படி நான் மிதிக்க மாட்டேன். என்னைச் சேர்ந்தவங்களும் மிதிக்க மாட்டாங்க, சொல்லிட்டேன்."

எழுந்து போனாள். நேரே போகாமல் எதிர்க்கடைக் கண்ணாடிக் கதவுகிட்டே ஒரு நிமிஷம் நின்று, எனக்குத் தெரிகிற மாதிரி தலைமுடியைச் சரிசெய்துகொண்டு போனாள். 

திங்கட்கிழமை இன்னொரு சோதனை. மாசாந்திரப் பராமரிப்பு, காலை ஒன்பதிலிருந்து ஐந்து வரைக்கும் கரண்ட் கிடையாது. பெட்டிக்குக் கீழே ஒரு பேட்டரி இருக்கிறது, அது இருபது நிமிஷம் தாக்குப் பிடிக்கும். பிறகு குயில் மாதிரி கத்த ஆரம்பித்துவிடும். அது கத்தக் கத்த நான் வேட்டியை மடித்துக் கட்டினேன். பந்தல்காரர் வீட்டுக்கு ஓடினேன். கல்யாணத்துக்கு விடுகிற ஜெனரேட்டரை மாட்டு வண்டியில் ஏற்றி, அப்போது வேறு வண்டி கிடைக்கவில்லை, கடை வாசலில் இறக்கிவிட்டோம். டடடடடவென்று ரத வீதி முழுக்க அதிர்ந்தது. கடைக்குள் ஒரே புகை. பெயர் ராசி கேட்க வந்த ஒரு பெரியவர் இருமி இருமி, தன் பெயரையே சொல்ல முடியாமல் போய்விட்டார். திவாகர் கண்ணாடிக் கதவைச் சாத்திக்கொண்டு உள்ளே நின்று சிரிக்கிறான். 

மைதிலி முந்தானையால் மூக்கை மூடிக்கொண்டு வந்தாள். "மாமா, ஒரு வேலையும் செய்யாத பெட்டி இது. இதுக்கு இத்தனை சீராட்டா?"

"வேலை செய்யும்மா. நேரம் வரணும்."

"நேரம் தானா வருங்களா மாமா, யாராவது கூட்டிட்டு வரணுங்களா?"

நல்ல கேள்விதான். ஆனால் ஜெனரேட்டர் சத்தத்தில் எனக்குச் சரியாகக் காதில் விழவில்லை. காது மட்டும் எனக்குக் கூர்மை தம்பி, ஒரு சொல் விடாது. அன்றைக்கு ஏனோ விழவில்லை.

அடுத்த நாள், செவ்வாய்க்கிழமை காலை. நான் தலையில் கை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். நாளைக்குச் சாயங்காலம் கெடு. மைதிலி காபி கொண்டுவந்து வைத்தாள். வைத்தவள் போகவில்லை.

"மாமா, ஒரு சந்தேகம்."

"கேளும்மா."

"அஸ்தங்கமான புதன் எப்படி மாமா சரியாகும்?"

எனக்குச் சந்தோஷம். மருமகளாக வந்த மூன்று வருஷத்தில் இப்போதுதான் சாஸ்திரத்தில் ஒரு அக்கறை வந்திருக்கிறது. "சூரியனை விட்டு விலகினா மறுபடி உதயமாகும்மா"ன்னேன்.

"அப்போ முதல்ல மறையுது, அப்புறம் உதிக்குது."

"ஆமா."

"மறையாமயே உதிக்க முடியாதுங்களா?"

"அதெப்படி முடியும்? மறைஞ்சதுதானேம்மா உதிக்கும்."

"சரிங்க மாமா." டம்ளரை எடுத்துக்கொண்டு படி வரைக்கும் போனாள். திரும்பி நின்றாள். "இல்ல... இந்தப் பெட்டி இன்னும் மறையவே இல்லையே, எப்படி உதிக்கும்னு நினைச்சேன். எனக்கு என்ன தெரியும்." போய்விட்டாள்.

அவள் போன பிறகு ஒரு கால் மணி நேரம் ஆகியிருக்கும். எனக்குத் தானாக ஒரு யோசனை உதித்தது பாருங்க! எழுந்து நின்றுவிட்டேன். புதன் மறைந்து உதிக்க வேண்டுமென்றால் பெட்டியும் மறைந்து உதிக்க வேண்டும் இல்லையா? இத்தனை நாள் யாருக்குமே தோன்றவில்லையே இது! நாளைக்கு என்ன கிழமை? புதன்கிழமை!

ஆனால் சத்தியம் இருக்கிறதே. நாற்பத்தெட்டு நாள் அணைக்க மாட்டேன் என்று பிள்ளையாரிடம் சொன்னது. அதற்கும் வழி கண்டுபிடித்தேன். அணைப்பது வேறு, மௌனம் வேறு தம்பி. சாமியார் மௌன விரதம் இருந்தால் செத்துவிட்டார் என்றா அர்த்தம்? பெட்டி மௌனமாக இருக்கும். கிரகம் ஒன்பது, ஆகவே ஒன்பது நிமிஷம்.

மைதிலியைக் கூப்பிட்டு என் யோசனையைச் சொன்னேன். வாயைப் பொத்திக்கொண்டாள். கண் எல்லாம் கலங்கிவிட்டது. "மாமா, உங்களுக்கு மட்டும் எப்படி மாமா இதெல்லாம் தோணுது!" என்றாள். பிறகு, "நீங்க கண்ணைத் திறக்காம ஸ்தோத்திரம் சொன்னா இன்னும் விசேஷம் இல்லீங்களா?" என்றாள். அது ஒன்றை மட்டும் அவள் சொன்னாள். இல்லை என்று சொல்ல மாட்டேன், யார் சொன்னாலும் நல்லதை ஏற்றுக்கொள்வேன்.

புதன்கிழமை காலை பதினொரு மணி பன்னிரண்டு நிமிஷம். பாயைப் போட்டு வடக்கே பார்த்து உட்கார்ந்தேன். கண்ணை மூடிக்கொண்டேன். குருநாதர் கற்றுக்கொடுத்த புதன் ஸ்தோத்திரத்தை ஆரம்பித்தேன்.

கண் மூடியிருந்தாலும் காது இருக்கிறதே. முதலில் பெட்டியின் காற்றாடி மெல்ல அடங்கியது. ஒரு மயான அமைதி. என் வாய் ஸ்தோத்திரத்தை விடவில்லை. பிறகு ஒரு சின்ன ஒலி, பெட்டி மூச்சு இழுக்கிற மாதிரி. உடனே டக்டக்டக்டக்கென்று ஒரு சத்தம், கட்டைவிரல் நகத்தால் தட்டுகிற மாதிரி விடாமல். என் ஸ்தோத்திரத்துக்கு மைதிலி தாளம் போடுகிறாள்! இந்தப் பெண்ணுக்குள் இவ்வளவு பக்தியா என்று எனக்குச் சிலிர்த்துவிட்டது. தாளம் நின்றது. கொஞ்ச நேரம் ஒன்றிரண்டு தட்டு. மறுபடி காற்றாடி அடங்கியது, மறுபடி மூச்சு இழுத்தது. நான் எட்டாவது சுற்றில் இருக்கும்போது, தம்பி, ஒரு பாட்டு கேட்டது. பழைய புரோகிராம் திறக்கும்போது வருமே, அந்த முருகன் பாட்டு. இருபத்திரண்டு வருஷமாகக் காலையில் நான் கேட்ட சத்தம்.

கண்ணைத் திறந்தேன். புதுப் பெட்டியின் திரைக்குள்ளே இன்னொரு திரை. அதற்குள்ளே மயில் மேல் முருகன். கீழே, பெயர், பிறந்த தேதி, ஊர்.

மைதிலி கையைக் கட்டிக்கொண்டு ஓரமாக நின்றாள். நெற்றியெல்லாம் வியர்வை. "வந்துட்டாரு மாமா"ன்னாள்.

"எனக்குத் தெரியும், வருவாரு"ன்னேன்.

பிரிண்டர் மட்டும் கொஞ்சம் அடம் பிடித்தது. மைதிலி குனிந்து பின்னால் இருக்கிற ஒயரைத் தொட்டுக் கும்பிட்டாள், அதுவும் சரியாகிவிட்டது. சாயங்காலம் நாலு மணிக்கு சரசக்கா வந்தாள். தாளைக் கையில் கொடுத்தேன். பூசம், நாலாம் பாதம். அந்த அக்கா படிக்கவில்லை, அந்த ஒரு சொல்லை மட்டும் விரலால் தடவிப் பார்த்தாள். தாளை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தே இருந்தாள். போகும்போது எதிர்க்கடைப் பக்கம் திரும்பாமல் போனாள். மாசியிலேயே கல்யாணம் நடந்தது. முதல் பந்தியில் எனக்கு இலை.

அதற்குப் பிறகு செருப்புக்கு இடம் போதவில்லை தம்பி. தை போனதே தெரியவில்லை.

நியாயமாக இதோடு முடிந்திருக்க வேண்டும். ஆனால் குருநாதரிடம் பாடம் கேட்ட மற்றவர்களுக்கும் அதே புரோகிராம், அதே வயசான பெட்டி, அதே சாவு. விஷயம் பரவிவிட்டது. முதலில் குமாரபாளையத்துக்காரர் போன் போட்டார். அவரும் புதுப் பெட்டி வாங்கியிருக்கிறார், உள்பெட்டி எழுந்திருக்கவில்லை, அதே இங்கிலீஷ் நாலு வரி. பரிகாரத்தைப் போனிலேயே சொன்னேன். பயறு, வடக்கு, புதன்கிழமை, ஒன்பது நிமிஷ மௌனம், கண் திறக்கக் கூடாது. செய்தாராம். பெட்டி அணைந்தது, எழுந்தது, பழையபடி அதே நாலு வரி. நம்பிக்கை போதாது தம்பி. வேறென்ன?

"நாமளே நேர்ல போய்ட்டு வந்துடலாம் மாமா"ன்னாள் மைதிலி. போனோம். நான் ஸ்தோத்திரம், அவள் தாளம். ஒன்பது நிமிஷம் முடிவதற்குள் முருகன் வந்துவிட்டார். குமாரபாளையத்துக்காரர் என் காலில் விழுந்துவிட்டார். அடுத்தது ராசிபுரம், அங்கேயும் அப்படியே.

ஒரு தடவை பரமத்திக்கு நான் மட்டும் தனியாகப் போனேன். அவளுக்குக் காய்ச்சல். ஸ்தோத்திரத்தை மூன்று தடவை சொன்னேன், தொண்டை கட்டிவிட்டது. பெட்டி அசையவில்லை. வீட்டுக்கு வந்து பஞ்சாங்கத்தைப் புரட்டினால், அன்றைக்கு எனக்குச் சந்திராஷ்டமம்! பார்க்காமல் கிளம்பியது என் தப்பு. அடுத்த வாரம் நல்ல நாள் பார்த்து அவளையும் கூட்டிக்கொண்டு போனேன், உடனே வந்துவிட்டது. நாள் நட்சத்திரம் என்று பெரியவர்கள் சும்மாவா சொன்னார்கள்?

இப்போது எடப்பாடிக்குப் போகிறோம். அதோ, முன்னால் ஜன்னலோரம், மடியில் பையை வைத்துக்கொண்டு போனில் யாருக்கோ இங்கிலீஷில் சொல்லிக்கொண்டிருக்கிறாளே, அவள்தான். எதற்குக் கூட்டிக்கொண்டு அலைகிறேன் என்று நினைப்பீங்க. நான் கண்ணை மூடியிருக்கும்போது பெட்டியை யாராவது ஒருத்தர் பார்த்துக்கொள்ள வேண்டும் அல்லவா? தாளமும் வேண்டும். அந்த டக்டக் இல்லாமல் எனக்கு ஸ்தோத்திரமே ஓட மாட்டேன் என்கிறது. இப்போது கடையிலும் பெட்டிக்கு எதிரே அவளையே உட்கார வைத்துவிட்டேன். எனக்குக் கண் சரியாகத் தெரிவதில்லை. தானாக முன்வந்து நான்தான் சொன்னேன், "நீ உக்காரும்மா"ன்னு. அவள் உடனே உட்கார்ந்துவிட்டாள். நாற்காலியைக்கூட உயரம் சரிபண்ணிக்கொண்டாள்.

இந்தாங்க கார்டு. உங்கள் ஊரிலும் பழைய புரோகிராம் வைத்துக்கொண்டு யாராவது கஷ்டப்பட்டால் சொல்லுங்க. ஜோதிடம்தான் என்று இல்லை. போன வாரம் ஒரு ரைஸ்மில்லு எடைமேடைக்காரர், அதற்கு முன்னால் ஒரு தறிப் பட்டறைக்காரர் கூப்பிட்டார். டிசைன் போடுகிற புரோகிராமாம். புதனுக்கு எல்லாத் தொழிலும் ஒன்றுதான்.

என்ன பார்க்கிறீங்க? ஓ, அதுவா. மேலே பெரிதாக மைதிலி, பி.இ. என்று போட்டு, கீழே சின்னதாக என் பேர். அச்சகக்காரன் மாற்றிப் போட்டுவிட்டான். முந்நூறு கார்டு அடித்துவிட்டான், கிழித்துப் போட முடியுமா? போன தடவை அடித்ததும் இப்படித்தான் வந்தது. அவளிடம் கேட்டால், "அடுத்த தடவை பார்த்துக்கலாம் மாமா"ன்னு பெருந்தன்மையாக விட்டுவிட்டாள்.

எழுந்துவிட்டாள் பாருங்க. அதற்குள் எடப்பாடி வந்துவிட்டதா?

"மாமா! பயறுப் பையை எடுத்துட்டு வாங்க, ஸ்டாப்பிங் வந்தாச்சு!"

இதோ வர்றேம்மா, வர்றேன். பார்த்தீங்களா தம்பி, நான் இல்லாமல் இந்தப் பெண்ணுக்கு ஒரு காரியம் ஓடாது.